கிறிஸ்துமஸ் மதியத்துக்கு ஹாம்: 12 பேர், 30 லிட்டர் ஓடிஜி, வழி சொல்லுங்கள்

கொளத்தூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் வீட்டில் 12 பேர் சாப்பாடு. வழக்கமாக மட்டன் பிரியாணி, தால்ச்சா, சிக்கன் வறுவல் என்று முடித்துவிடுவோம், யாரும் குறை சொன்னதில்லை. இந்த வருடம் என் வீட்டுக்காரரின் அத்தை வருகிறார். அவர் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், மாமா போன பிறகு மகனோடு பெங்களூரில் இருக்கிறார். "அந்தக் காலத்துல மேஜை நடுவுல ஹாம் இல்லாம எங்களுக்குக் கிறிஸ்துமஸே கிடையாது" என்று அவர் போனில் சொல்ல (ஹாம் என்றால் உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை), இவரும் உடனே "நீங்க வாங்க அத்தை, செஞ்சுடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். செய்யப்போவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெரம்பூர் பக்கம் ஒரு பன்றிக்கறிக் கடையில் கேட்டேன். பின்தொடை முழுசாக 6, 7 கிலோ வரும், வேண்டுமானால் பாதியாக வெட்டித் தருகிறேன் என்கிறார், ஆனால் அது பச்சைக் கறி. இன்னொரு பக்கம், ஃப்ரோஸன் கடையில் எலும்பில்லாத 'குக்டு ஸ்மோக்டு ஹாம்' 3 கிலோ கட்டியாகக் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் கொஞ்சம் கிறுகிறுக்கிறது. அத்தை தன் பழைய சமையல் நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் உப்பும் வெடியுப்பும் தேய்த்து ஊறவைக்க வேண்டும் என்று இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமாம். பட்டாசுக்குப் போடும் சாமானைக் கறியில் தேய்ப்பதா என்று எனக்குக் கை நடுங்குகிறது.

என்னிடம் இருப்பது 30 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் சூடாகும் கம்பி உள்ள சின்ன மின்சார ஓவன்). மேலே பளபளவென்று இனிப்பாக ஒரு கிளேஸ் இருக்குமே, அதை எதில் செய்வது, எப்போது தடவுவது? காலை 5 மணி ஆராதனைக்குப் போய்விட்டு வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும், 1 மணிக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். இதற்கு நடுவில் என் மாமியாருக்கு, பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்ற பயம் வேறு. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓட்டல் அடுப்பு:

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நீங்கள் வாங்குவது வெந்ததா, வேகாததா? கடைக்காரர் தருவது வெறும் பச்சைத் தொடை. அதை உப்பிட்டுப் பல நாள் பதப்படுத்தினால்தான் ஹாம் ஆகும், அப்படியே ஓவனில் வைத்தால் நல்ல பன்றி ரோஸ்ட் கிடைக்கும், ஆனால் அந்த இளஞ்சிவப்பும் ஹாமின் வாசனையும் வராது, அத்தை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஃப்ரோஸன் கட்டி ஏற்கெனவே பதப்படுத்தி, புகை போட்டு, வேகவைத்தது. உங்கள் வேலை அதைச் சூடாக்கி, மேலே கிளேஸ் ஏற்றுவது மட்டும்தான். முதல் தடவை, 12 விருந்தாளிகள், காலையில் சர்ச் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெந்ததை வாங்குங்கள். எலும்பில்லாத கறி ஆளுக்கு 200 முதல் 250 கிராம் என்று வைத்தால் 3 கிலோ தாராளம், பக்கத்தில் பிரியாணியும் இருந்தால் மீதியே ஆகும்.

23ஆம் தேதி இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். 2 கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உறைந்தது இளகும். சமையல் மேடையில் வைத்து இளகவிடக் கூடாது. டிசம்பர் என்றாலும் சென்னை சென்னைதான், உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும்.

ஓடிஜியில் வைக்கும்போது கம்பித் தட்டைக் கீழ்ப் படியில் போடுங்கள். ஹாமை ஒரு டிரேயில் வைத்து, அடியில் ஒரு டம்ளர் தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, மேலே ஃபாயிலால் இறுக்கமாக மூடிவிடுங்கள். 160 டிகிரி, சூடேற்றும் கம்பிகளில் கீழ்க் கம்பி மட்டும். கிலோவுக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கறிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், அதை முதலிலேயே போட்டுவிட்டால் வெளியே கரி, உள்ளே ஜில்லென்று இருக்கும். கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தயவுசெய்து ஒன்று வாங்கிவிடுங்கள், ஏனென்றால் ஹாம் பதப்படுத்திய உப்பினால் வெந்தாலும் வேகாவிட்டாலும் சிவப்பாகவே இருக்கும், நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கம்பெனி பேக்கிங் பிரிக்காமல் வந்த வெந்த ஹாமுக்கு நடுப்பகுதி 60 டிகிரி வந்தால் போதும். கடையில் பிரித்து, வெட்டி, மறுபடி கட்டித் தந்தது என்றால் 74 வரை கொண்டுபோங்கள்.

கிளேஸ் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான். பலர் முதலிலேயே தேனும் சர்க்கரையும் தடவி உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கருகிய வாசனை வந்ததும் அலறுகிறார்கள்.

பரங்கிமலை அடிவாரம்:

மேலே சொன்னவர் ஓட்டல்காரர், ஓட்டல் முறை சொல்லியிருக்கிறார், தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆங்கிலோ இந்திய வீடுகளில் முக்கால்வாசி வேலை அடுப்பிலேயே முடிந்துவிடும். பதப்படுத்திய, ஆனால் வேகாத ஹாம் கிடைத்தால் (சில பன்றிக்கறிக் கடைகளில் டிசம்பரில் முன்பே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள், கேட்டுப் பாருங்கள்) பெரிய அண்டாவில் கறி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை, நாலைந்து கிராம்பு, ஒரு துண்டு பட்டை போட்டுச் சிறு தீயில் வைப்பார்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். கிலோவுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கரில் வைத்து விசில் விடலாமா என்று கேட்பீர்கள். வேகும், ஆனால் நார் நாராகப் பிரிந்து, வெட்டும்போது துண்டாக நிற்காது.

ஒரு சொட்டுத் தண்ணீரை முதலில் நக்கிப் பாருங்கள், உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தொடருங்கள். வெந்த பிறகு அந்த நீரிலேயே கொஞ்சம் ஆறவிட்டு எடுத்தால் கறி வறண்டு போகாது. சூடு இருக்கும்போதே மேல் தோலை ஓர் ஓரத்தில் கத்தியால் கிளப்பி, விரலை உள்ளே விட்டு இழுத்தால் முழுசாக உரிந்து வரும். கொழுப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அரை செ.மீ. கனமாவது மேலே இருக்க வேண்டும், கிளேஸ் பிடிப்பது அதில்தான். கத்தி நுனியால் கொழுப்பில் மட்டும், கறி வரை போகாமல், குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள், பர்பித் துண்டு போடுவது மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்துங்கள்.

அப்புறம் பரிமாறுவது. அத்தை பெரம்பூர்க்காரர் என்றால் கூடவே டெவில் சட்னியை எதிர்பார்ப்பார். வெங்காயம், காய்ந்த மிளகாய், உலர் திராட்சை, கொஞ்சம் சர்க்கரை, வினிகர், உப்பு, எல்லாவற்றையும் பச்சையாகவே அரைத்துவிட வேண்டியதுதான். செக்கச் செவேல் என்று இருக்கும், ஹாமின் இனிப்புக்கு இந்தக் காரம்தான் சரியான ஜோடி. மஞ்சள் சோறும் உருளைக்கிழங்கு மசியலும் இருந்தால் போதும். பிரியாணிக்குப் பக்கத்தில் ஹாமை வைத்தால் இரண்டுமே கெடும் என்பது என் கருத்து, சண்டைக்கு வர நினைப்பவர்கள் வரலாம்.

மடிப்பாக்கம் மிக்ஸி:

பிரியாணியோடு ஹாம் சாப்பிடுகிற வீடு எங்களுடையது, சண்டைக்கு நான் வருகிறேன். ஆனால் முதலில் கிளேஸ், ஏனென்றால் யாரும் இன்னும் அளவு சொல்லவில்லை.

3 கிலோவுக்கு: நாட்டுச் சர்க்கரை 150 கிராம், பாட்டிலில் வரும் மஸ்டர்ட் 3 மேஜைக்கரண்டி (நம் ஊர்க் கடுகை அரைத்துப் போட்டால் கசந்துவிடும், பாட்டிலே நல்லது), வினிகர் 2 மேஜைக்கரண்டி, அன்னாசி அல்லது ஆரஞ்சுச் சாறு அரை டம்ளர், ஒரு சிட்டிகை கிராம்புப் பொடி, பிடித்தால் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள். உப்பு ஒரு துளியும் வேண்டாம். நாட்டுச் சர்க்கரையில் மண் இருக்கும், முதலில் சாற்றில் கரைத்து வடிகட்டிவிடுங்கள். பிறகு சிறு தீயில் வைத்து, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் வரை சுண்டவைத்தால் போதும். கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் ஆறியதும் இறுகி, கறி மேல் பரவாமல் உருண்டு விழும். கருப்பட்டி போடலாமா என்று யாராவது கேட்பார்கள், பாதிக்குப் பாதி போடலாம், முழுக்கக் கருப்பட்டி என்றால் அதன் வாசனை மட்டும்தான் தெரியும்.

ஃபாயிலை எடுத்துவிட்டு, ஓடிஜியை 200க்கு ஏற்றி, மேல் கம்பியையும் போட்டு, முதல் பூச்சு. 8, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே இழுத்து மறுபடி பூசுங்கள், மூன்று தடவை பூசினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த 25 நிமிடம் ஓடிஜியை விட்டு நகரக் கூடாது. போன் வந்தாலும் எடுக்காதீர்கள், சர்க்கரை பொன்னிறத்திலிருந்து கரிக்குப் போக ஒன்றிரண்டு நிமிடம்தான். டிரேயில் தண்ணீர் வற்றியிருந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள், இல்லையென்றால் சொட்டுகிற பாகு அடியில் தீய்ந்து புகையும், அப்புறம் அந்த டிரேயைத் தேய்க்க வேலைக்கார அக்காவிடம் யார் பேச்சு வாங்குவது?

பச்சை அன்னாசிச் சாற்றில் ஹாமை முதல் நாளே ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன, நம்பாதீர்கள். அன்னாசியில் இருக்கும் புரொமிலைன் என்ற நொதி கறியின் புரதத்தை உடைத்துவிடும், மேல்பக்கம் மாவாகிவிடும். கொதிக்கவைத்த சாறோ டப்பா அன்னாசியோ என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். வட்ட வட்டமாக அன்னாசியும் நடுவில் செர்ரியும் வைத்து அலங்கரிப்பது உங்கள் இஷ்டம், எனக்கு அது பழைய காலண்டர் படம் மாதிரி இருக்கும்.

கொளத்தூர் மருமகள்:

அம்மாடி, இவ்வளவு விவரமா! எல்லோருக்கும் நன்றி. வெந்த ஹாமையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அத்தையின் நோட்டில் இருக்கும் வெடியுப்பு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வருடமாவது அவர் முறையில் வீட்டிலேயே ஊறவைக்கலாமா? மாமியாரின் புழு சந்தேகத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறார்.

லேப் கோட்டு:

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் பயத்தில் பாதி சரி. நாடாப்புழுவின் கட்டி உள்ள பன்றிக்கறியை அரைகுறையாக வேகவைத்துச் சாப்பிட்டால் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தக் கறியிலிருந்து நேராக வருவதில்லை. குடலில் புழு உள்ளவரின் மலம் வழியாக வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால்தான் அது நடக்கும். அதனால் பன்றிக்கறியையே தொடாத சைவர்களுக்கும் வருகிறது. கறியை ஒழுங்காக வேகவைத்தால் புழு செத்துவிடும். பச்சைக் கறிக்கு நடுப்பகுதி 63 டிகிரி வந்து 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பது அளவு, நான் 70 வரை விடுவேன், அதனால் ருசி ஒன்றும் குறைந்துவிடாது. நீங்கள் வாங்குவது ஏற்கெனவே வெந்தது, கவலைப்படாமல் சாப்பிடுங்கள் அம்மா.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அந்தக் காலத்தில் சால்ட் பீஃப், ஹாம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டார்கள், அத்தை நோட்டில் பொய் இல்லை. இறைச்சியில் உள்ள பாக்டீரியா அதை மெல்ல நைட்ரைட்டாக மாற்றும், அந்த நைட்ரைட்தான் நிறத்தையும் ஹாம் ருசியையும் தருகிறது, பாட்டுலிசம் என்ற கொடிய விஷ நோயை உண்டாக்கும் கிருமியையும் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால் எவ்வளவு மாறும் என்பது நம் கையில் இல்லை, மருந்துக் கடையில் கிடைப்பது சாப்பிடும் தரமா என்பதும் கேள்வி. 'ஒரு சிட்டிகை' என்று கண் அளவில் போடுகிற சாமான் இல்லை இது.

இப்போது இதற்கென்றே பதப்படுத்தும் உப்பு விற்கிறார்கள், சாதா உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்தது. கறியும் தண்ணீரும் சேர்ந்த மொத்த எடையில் 0.25 சதவீதம்தான் போட வேண்டும், 3 கிலோ கறி, 2 லிட்டர் தண்ணீர் என்றால் 12.5 கிராம், கிராம் தராசில் நிறுத்து. சாதா உப்பு தனியாக 2.5 சதவீதம். 4 டிகிரிக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் பத்து நாள், தினமும் திருப்பிப் போட வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகிற ஏரியாவில் இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இதில் இன்னோர் ஆபத்து: அந்த உப்புக்கு அடையாளத்துக்காக இளஞ்சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள், நம் வீடுகளிலோ இந்துப்பும் அதே நிறத்தில் இருக்கிறது. இந்துப்பைப் போட்டு ஊறவைத்தால் கறி ஹாம் ஆகாது. அதைவிட மோசம், அந்த நைட்ரைட் உப்பை யாராவது இந்துப்பு என்று நினைத்து ரசத்தில் போட்டால் ஆஸ்பத்திரிதான். வாங்கினால் 'விஷம்' என்று எழுதி, சமையலறைக்கு வெளியே பூட்டி வையுங்கள்.

மேல்மாடி வேப்பேரி:

சமையல் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், மேஜை பற்றிக் கொஞ்சம் நான் சொல்கிறேன். 12 பேரில் பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் நிச்சயம் சிலர் இருப்பார்கள், உறவுக்காரர்களே கூட. ஹாமைத் தனி மேஜையில், தனிக் கத்தி, தனி முள்கரண்டி, தனித் தட்டுகளோடு வையுங்கள். டெவில் சட்னியை இரண்டு கிண்ணத்தில் வைக்க வேண்டும், ஹாம் தொட்ட கரண்டி இன்னொரு கிண்ணத்துக்குள் போகக் கூடாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவீர்கள் என்றால் ஹாம் ஓடிஜிக்குள் போவதற்கு முன்பே அதைக் கட்டி அனுப்பிவிடுங்கள், என்ன சமைக்கிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். எங்கள் மாடியில் இப்படித்தான் நடக்கிறது, இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

வெட்டும் முன் 15, 20 நிமிடம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி வையுங்கள், இல்லையென்றால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, மெல்லிசாக வெட்டுங்கள். அத்தையையே முதல் துண்டு வெட்டச் சொல்லுங்கள், அவருக்கு அதைவிட வேறு மரியாதை தேவையில்லை.

கொளத்தூர் மருமகள்:

இது எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள். மூன்றாவது மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் அவர்களுக்கு முதல் பாத்திரம் போகும். கணக்கு சரியா பாருங்கள்: 10 மணிக்கு உள்ளே, 11.45க்கு ஃபாயிலை எடுத்துக் கிளேஸ், 12.15க்கு வெளியே, 12.35க்கு வெட்டு. மிச்சமானால் எத்தனை நாள் வைக்கலாம்?

ஓட்டல் அடுப்பு:

கணக்கு சரி, ஆனால் ஓடிஜியை 9.45க்கே சூடாக்க ஆரம்பியுங்கள். 11.30க்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், 50ஐத் தாண்டியிருந்தால் நேரத்துக்குத்தான் போகிறீர்கள். இல்லையென்றால் பதறாமல் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், விருந்தாளிகளுக்கு முதலில் கேக்கும் கல்கல் பலகாரமும் கொடுத்துப் பேசவையுங்கள். கிளேஸ் ஏற்றிய பிறகு வெளியே எடுக்கும்போதும் ஒரு தடவை பாருங்கள், நடுப்பகுதி 60 காட்ட வேண்டும்.

மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கவிடாதீர்கள். மிச்சத்தை வெட்டியே டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும், ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை ருசி போகாது. மறுநாள் காலை தோசைக் கல்லில் எண்ணெய் விடாமல் போட்டு, அதன் கொழுப்பிலேயே முறுகவிட்டு, மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றி மிளகு தூவுங்கள். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பரங்கிமலை அடிவாரம்:

அந்த முட்டைக்குத் தொட்டுக்கொள்ள டெவில் சட்னியில் கொஞ்சம் ஒளித்து வையுங்கள், மதியமே காலியாகிவிடும். பிரியாணி விஷயத்தில் நான் இன்னும் என் கட்சிதான், மடிப்பாக்கத்துக்காரர் எங்கே போனார்?